பழவேற்காடு மீனவக் கிராமங்களில் படகு எஞ்சின்: திடீர்ப் பழுதும் பொறுப்பும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் துடுப்பாலும் பாயாலும் ஓடிய சிறு படகுகள் எஞ்சினுக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இந்த மாற்றம் மீனவரைக் கரையிலிருந்து அதிகத் தொலைவுக்குக் கொண்டுசென்றது; உடல் உழைப்பைக் குறைத்தது. அதோடு முன்பு இல்லாத ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. எஞ்சின் கடலில் திடீரென நின்றுவிட்டால் அதற்குப் பொறுப்பு யார்? செய்த நிறுவனமா, விற்ற கடைக்காரரா, முன்பு வைத்திருந்தவரா, இப்போது ஓட்டுபவரா? பழைய கார் வாங்குவோரிடையே உலகெங்கும் எழுந்து சட்டங்களையே மாற்றிய கேள்வி இது. படகு எஞ்சினுக்கு இதற்கான விடை இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கிறது.

ஏரியும் முகத்துவாரமும்

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் உள்ளது. வங்கக் கடலையும் ஏரியையும் ஸ்ரீஹரிகோட்டா தீவு பிரிக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதன் ஊடாகவே செல்கிறது. ஏரி பரப்பில் பெரியது. ஆழத்தில் மிகச் சிறியது. பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடக்கலாம்.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அந்நாளிலும் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு படகுகளே கரைக்கும் கப்பலுக்கும் சுமந்தன. காரணம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் ஆழமற்றது. மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோவது. ஆற்று வெள்ளம் வரும்போது திறக்கும். கோடையில் குறுகும்; சில ஆண்டுகளில் மூடியும் விடும்.

ஊரின் எஞ்சின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முகத்துவாரம் முக்கியமானது. பெரிய விசைப்படகுகள் இதன் வழியாக வந்துபோக முடியாததால், காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகமாகப் பழவேற்காடு வளரவில்லை. சிறு படகுகளே இங்கு நிலைத்தன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஜமீலாபாத், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் முதலிய ஊர்களின் படகுகள் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கின்றன. ஏரிப் பக்கத்தில் படகு கட்டுவோர் கடலுக்குப் போக முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே மணல் திட்டின் மேல் அலை உடைகிறது. படகு அலையை நேராக, வேகம் குறையாமல் எதிர்கொண்டால்தான் கடக்க முடியும். அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் நின்றால் படகு குறுக்காகத் திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும். சாலையில் கார் எஞ்சின் நின்றால் வண்டியை ஓரம் கட்டலாம். முகத்துவாரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

துடுப்பும் பாயும் இருந்த காலம்

எஞ்சினுக்கு முன் கடல் தொழிலுக்குக் கட்டுமரமும், ஏரித் தொழிலுக்குப் பலகைப் படகும் இருந்தன. கட்டுமரம் என்பது செதுக்கிய மரங்களைக் கயிற்றால் கட்டியது. கவிழ்ந்தாலும் மூழ்காது; புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆழமற்ற ஏரியில் நீண்ட கம்பை ஊன்றியும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் படகு ஓட்டினர்.

ஏரியில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்னும் முறை வழங்கியது, இன்றும் வழங்குகிறது. குறிப்பிட்ட இடங்களில் வலை கட்டும் உரிமையைத் தகுதி பெற்ற குடும்பத்தினர் முறைவைத்துப் பெறுவதே பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போகாமலும், எவரும் ஒரேயடியாக விடுபட்டுப் போகாமலும் இம்முறை பார்த்துக்கொள்கிறது. தகராறு எழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்த்து வைக்கும்.

அந்தக் காலத்தில் கருவி பழுதானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இடமே இல்லை. கயிறு நைவது கண்ணுக்குத் தெரியும். மரம் உளுத்தால் தட்டிப் பார்த்து அறியலாம். படகு செய்த ஆசாரி பக்கத்து ஊர்க்காரர். வலையை வீட்டிலேயே பின்னிச் செப்பனிட்டனர். குறையைக் கண்டறியும் அறிவும் சரிசெய்யும் திறமையும் கருவியை ஆள்பவரிடமே இருந்தன. எஞ்சின் வந்தபோது இந்த நிலை மாறியது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் எந்தப் பகுதி தேய்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. அதைச் செய்தவர் எங்கோ தொலைவில் இருக்கிறார்.

எஞ்சின் வந்த வழி

இந்தியக் கடற்கரையில் சிறு மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் பெருமுயற்சி கேரளத்தில் தொடங்கியது. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்துக்கு அருகே சக்திகுளங்கரை, நீண்டகரை ஆகிய ஊர்களில் இந்தோ-நார்வே திட்டம் செயல்பட்டது. இருக்கும் நாட்டுப் படகுகளிலேயே எஞ்சின் பொருத்துவதுதான் முதல் எண்ணம். அது சரிப்பட்டு வராததால், எஞ்சினுக்கென்றே புதிய படகுகள் கட்டப்பட்டன. சென்னை மாகாணத்திலும் 1950-களிலிருந்து அரசு உதவியுடன் விசைப்படகுகள் வழங்கப்பட்டன. ஆனால் இவற்றுக்குத் துறைமுகம் வேண்டும். மணற்கரையிலும் ஆழமற்ற முகத்துவாரத்திலும் தொழில் செய்தவர்களுக்கு அவை பயன்படவில்லை.

இக்குறையைத் தீர்க்க முயன்ற அமைப்புகளுள் ஒன்று, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம். 1979-இல் தொடங்கிய இத்திட்டத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தது. அலை உடையும் கரையில் நேரடியாக ஏறி இறங்கக்கூடிய படகுகளை இத்திட்டம் வடிவமைத்துச் சோதித்தது. டீசல் எஞ்சினையும் சுழலியையும் ஒன்றாக மேலே தூக்கிவிடக்கூடிய அமைப்பு அவற்றில் இருந்தது. கரை நெருங்கும்போது சுழலி மணலில் மோதி உடையாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

1980-களில் படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பரவலாயின. நாட்டுப் படகுகளுக்கு எஞ்சின் வாங்க மத்திய, மாநில அரசுகள் மானியம் அளித்தன. கேரளத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் செல்வாக்குப் பெற்றன. தமிழ்நாட்டின் வடகரையில் நீண்ட தண்டின் முனையில் சுழலி கொண்ட, காற்றால் குளிரும் சிறு டீசல் எஞ்சின் நிலைபெற்றது. மீனவர் வழக்கில் இது லாங் டெயில் எனப்படும். இந்தத் தண்டை நொடியில் நீருக்கு மேல் தூக்கிவிடலாம். திட்டும் சேறும் நிறைந்த பழவேற்காட்டுக்கு அது பொருத்தமாக அமைந்தது.

அடுத்த திருப்பம் 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி. இழந்த படகுகளுக்கு ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் கண்ணாடி இழைப் படகுகளை, அதாவது மக்கள் சொல்லும் பைபர் படகுகளை, எஞ்சினோடு வழங்கின. பல இடங்களில் கட்டுமரத்தின் இடத்தை ஓரிரு ஆண்டுகளில் பைபர் படகு பிடித்துக்கொண்டது. அவசரத்தில் கட்டப்பட்ட படகுகளின் தரம் குறித்தும், தேவைக்கு மேல் படகுகள் பெருகியது குறித்தும் மீன்வள வல்லுநர்கள் அப்போதே எச்சரித்தனர். தமிழகக் கரையெங்கும் ஒரே காலத்தில் ஏராளமான எஞ்சின்கள் வந்து இறங்கின. அவையெல்லாம் சேர்ந்தே பழசாகவும் தொடங்கின.

எஞ்சின் ஏன் திடீரென நிற்கிறது

எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒரே சொல்லில் சொன்னாலும் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிந்தால்தான் பொறுப்பையும் பிரித்தறிய முடியும்.

முதல் வகை எரிபொருள் சார்ந்தது. டீசலில் தண்ணீர் கலந்தாலோ வடிகட்டி அடைத்தாலோ எஞ்சின் திணறி நிற்கும். குழாயில் காற்று புகுந்தால் டீசல் ஏறாது. மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பர். படகு அலையில் ஆடும்போது டேங்கின் அடியில் தங்கிய கசடு கலங்கி மேலே வரும். ஆகையால் கரையில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் சரியாக முகத்துவாரத்தில் நிற்பது தற்செயலன்று.

இரண்டாவது வகை வெப்பம் சார்ந்தது. காற்றால் குளிரும் எஞ்சினில் உப்புப் படிந்து தகடுகளின் இடைவெளி அடைபட்டால் சூடு ஏறும். நீரால் குளிரும் எஞ்சினில் சேறும் மணலும் பம்பின் ரப்பர் இதழைத் தின்றுவிடும். சூடு எல்லை மீறினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். எஞ்சின் ஜாமாகிவிட்டது என்று சொல்வது இதையே.

மூன்றாவது வகை சுழலி சார்ந்தது. வலைக்கயிறு சுற்றிக்கொண்டாலோ சுழலி திட்டில் மோதினாலோ எஞ்சினில் குறையே இல்லாமல் படகு நின்றுவிடும்.

நான்காவது வகை உற்பத்திக் குறை. கிராங்க் தண்டின் பேரிங், இணைப்புக் கம்பி, எண்ணெய் ஓடும் துளை ஆகியவற்றில் தொழிற்சாலையிலேயே நேர்ந்த பிழை பல நூறு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே வெளிப்படலாம். அப்போது எஞ்சின் உடைந்து நிற்கும் நிலை, எண்ணெய் மாற்றாமல் விட்டதால் உடைந்த எஞ்சினின் நிலையைப் போலவே தோன்றும். நிறுவனத்துக்கும் வாங்கியவருக்கும் இடையில் வரும் வழக்கின் வேர் இந்த ஒற்றுமைதான். ஒருவர் குறை என்பார். மற்றவர் பராமரிப்பின்மை என்பார். இருவர் காட்டுவதும் அதே உடைந்த பேரிங்கைத்தான்.

கைமாறும் எஞ்சின்

புதிய எஞ்சின் சிறு மீனவருக்குப் பெரிய முதலீடு. கையில் பணம் இருப்பவர் மிகக் குறைவு. எனவே பழைய எஞ்சின் வாங்குவது கரையோரத்தில் இயல்பான வழக்கம். படகோடு சேர்த்து விற்பதும் உண்டு. எஞ்சினை மட்டும் கழற்றி விற்பதும் உண்டு. ஓர் எஞ்சினின் பகுதிகளை இன்னொன்றில் பொருத்துவதும் உண்டு.

இத்தகைய விற்பனையில் பேச்சுதான் ஆவணம். உத்தரவாத அட்டை முதல் உரிமையாளரின் வீட்டோடு நின்றுவிடுகிறது. பில் பெரும்பாலும் கைமாறுவதில்லை. அதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குக் குறிப்பு இருப்பது அரிது. கார் என்றால் பதிவுச் சான்றிதழும் கிலோமீட்டர் அளவியும் உண்டு. சிறு டீசல் எஞ்சினில் அந்த வசதி பொதுவாக இல்லை.

படகு விற்பனை, கடன், வலைச் சேதம் போன்ற தகராறுகள் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருவது கடற்கரை வழக்கம். விற்றவரும் வாங்கியவரும் ஒரே கரையைச் சேர்ந்தவர்களாயின் பஞ்சாயத்தால் ஒரு சமரசத்தை எட்ட முடியும். ஆனால் குறை உற்பத்தியில் இருந்தால் செய்த நிறுவனத்தை ஊர்ப் பஞ்சாயத்து அழைத்து வர முடியாது. பாடு முறையில் இடத்தகராறைத் தீர்த்த அமைப்புக்கு இங்கே கை எட்டுவதில்லை.

கார்கள் சென்ற பாதை

இதே சிக்கலைக் கார்கள் முன்னதாகவே சந்தித்தன. அமெரிக்காவில் 1966-இல் இயற்றப்பட்ட போக்குவரத்து, வாகனப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பைப் பாதிக்கும் குறையுள்ள வண்டிகளை நிறுவனமே அறிவித்துச் சரிசெய்து தரும் முறைக்கு வழிவகுத்தது. இதுவே திரும்பப் பெறுதல், அதாவது ரீகால். இதன் அடிப்படைக் கருத்து எளியது. உத்தரவாதம் என்பது நிறுவனமும் வாங்கியவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதற்குக் காலக் கெடு உண்டு. ரீகால் ஒப்பந்தமன்று, பாதுகாப்புக் கடமை. அது வண்டியின் எண்ணைப் பின்தொடர்கிறது. வண்டி எத்தனை கை மாறினாலும் குறை வண்டியோடுதான் போகிறது, ஆகையால் கடமையும் வண்டியோடு போக வேண்டும் என்பதே இதன் நியாயம்.

இந்த நியாயம் நடைமுறையில் எவ்வளவு தகராறுக்கு உள்ளாகும் என்பதற்கு ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா-2 எஞ்சின் ஓர் எடுத்துக்காட்டு. தயாரிப்பின்போது உலோகத் துகள் தங்கியதால் இணைப்புக் கம்பியின் பேரிங்குக்கு எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டு, ஓடும் காரில் எஞ்சின் நின்றுவிடும் என்பது குறை. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் மேலும் சுமார் 12 லட்சம் கார்கள் சேர்ந்தன. முதலிலேயே எல்லாக் கார்களையும் சேர்க்காததும், காலம் தாழ்த்தியதும் கண்டிக்கப்பட்டன. 2020 நவம்பரில் இரு நிறுவனங்களும் சேர்ந்து 21 கோடி டாலர் அளவிலான தண்டத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பிடம் உடன்பட்டன. குறையை வெளிப்படுத்திய கொரியப் பொறியாளருக்கு 2021-இல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி அளிக்கப்பட்டது.

இதற்கிடையில் கார் உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளில் 2019-இல் சமரசம் ஏற்பட்டது. அதன்படி எஞ்சினின் முக்கியப் பகுதிக்கு ஆயுட்கால உத்தரவாதம் வழங்கப்பட்டது. பழைய கார் வாங்கியவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆனால் பராமரிப்பை அறவே புறக்கணித்தவர்களுக்கு மறுக்கும் விதிவிலக்கும் இருந்தது. எண்ணெய் மாற்றிய ரசீதை வைத்திராத இரண்டாம், மூன்றாம் உரிமையாளர்கள் இடர்ப்பட்டது இந்த இடத்தில்தான். முன்பு வைத்திருந்தவர் எப்படிப் பராமரித்தார் என்பதற்கு அவர்கள் எவ்வாறு சான்று காட்டுவர்?

இந்தியாவில் நெடுங்காலம் இதற்குச் சட்டம் இல்லை. 2012 ஜூலையில் இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கம் தன்னார்வ ரீகால் நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையில் செல்வோருக்கோ, வண்டியில் இருப்போருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரும் குறை இருந்தால் மத்திய அரசு வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடலாம். நிறுவனம் பழுது நீக்க வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகள் இதில் அடங்கும். கட்டாய ரீகாலுக்கு உள்ளாகும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. விற்பனையான வண்டிகளில் குறிப்பிட்ட அளவுக்குப் புகார்கள் சேர வேண்டும் என்பதும் விதி.

படகு நிற்கும் இடம்

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் லாரித் தொழிற்சாலை இயங்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே 1998 முதல் கார்கள் தயாரிக்கப்பட்டன. கார் எஞ்சினுக்கும் படகு எஞ்சினுக்கும் பிஸ்டன், பேரிங், எண்ணெய் யாவும் ஒன்றே. சட்டம் மட்டும் வேறு. மோட்டார் வாகனம் என்றால் சாலையில் செல்லத் தக்க இயந்திர வண்டி என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே படகு அதில் வராது. 110ஏ பிரிவும் பொருந்தாது. மீன்பிடிப் படகுகள் மீன்வளத் துறையில் பதிவு செய்யப்படுகின்றன. ஆனால் அந்தப் பதிவு படகின் உரிமைக்கும் தொழிலுக்கும் உரியது. எஞ்சினின் உற்பத்திக் குறையை அறிவித்துத் திருத்தும் ஏற்பாடு அதில் இல்லை.

எனவே மீனவருக்கு எஞ்சியிருப்பது நுகர்வோர் சட்டம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்கவில்லை. மீன் பிடித்து விற்பதற்கு எஞ்சின் வாங்கியவர் வணிகரா, நுகர்வோரா? 1993-இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் ஒருவர் பொருள் வாங்கித் தாமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது.

இந்த விளக்கத்துக்கு உரிய பொருளை 1995-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அவ்வழக்குக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் வாங்கிய இயந்திரத்தில் குறை இருப்பதாக வழக்குத் தொடுத்தது. பெரிய அளவில் தொழில் செய்வதற்கு வாங்கியதால் அந்நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில், தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ அல்லது லாரி வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் நீதிமன்றம் விளக்கியது. தாமே படகோட்டிப் பிழைக்கும் சிறு மீனவருக்கு இந்த விளக்கம் துணை நிற்கிறது. பல படகுகளை வைத்துக் கூலிக்கு ஆள் அமர்த்தித் தொழில் செய்பவருக்கு அது துணையாகாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று, பொருள் பொறுப்பு. குறையுள்ள பொருளால் உயிருக்கோ, உடலுக்கோ, பிற உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரலாம். எனினும் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதமும் வருமான இழப்பும் இந்தத் தலைப்பில் வராது. எஞ்சின் நின்றதால் படகு கவிழ்ந்து காயமுற்றவர் இவ்வழியில் செல்லலாம். எஞ்சின் மட்டும் உடைந்தவர், குறையுள்ள பொருள் என்ற வழக்கமான புகாரில் பழுது நீக்கம், மாற்று, பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைக் கோர வேண்டும். மற்றொன்று, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு 20-ஆம் பிரிவில் உண்டு. இப்பிரிவு சாலை வண்டிக்கு மட்டும் உரியதன்று. ஆகையால் படகு எஞ்சினுக்கு ரீகால் என்பது சட்டப்படி இயலாத ஒன்றல்ல.

பழைய எஞ்சின் வழக்கில் எழும் கேள்விகள்

விற்றவர் யார் என்பது முதல் கேள்வி. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும்போது பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானே அமைகிறது. ஒரு மீனவர் தம் பழைய எஞ்சினை இன்னொரு மீனவருக்கு விற்கும்போது பொதுவாக அந்த நிபந்தனை அமைவதில்லை. வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பதே விதி. குறையை மறைத்துப் பொய் சொல்லி விற்றிருந்தால் அது வேறு வழக்கு.

குறை எத்தகையது என்பது இரண்டாவது கேள்வி. சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் குறையா, உள்ளே மறைந்திருந்த குறையா? சாதாரணமாகப் பார்த்து அறிய முடியாத குறை என்றால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அதற்கு உடைந்த பகுதி இருக்க வேண்டும். அடுத்த நாள் தொழிலுக்குப் போயாக வேண்டிய மீனவர் எஞ்சினை உடனே பிரித்துச் சரிசெய்துவிடுகிறார். உடைந்த பேரிங் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. சான்று அத்துடன் மறைகிறது.

காலம் மூன்றாவது கேள்வி. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே பழவேற்காட்டு மீனவர் நிறுவனத்தின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை, திருவள்ளூர் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சிறு பழக்கங்கள் சில இவ்வழக்குகளின் போக்கையே மாற்றக்கூடும். பழைய எஞ்சின் வாங்கும்போது எஞ்சின் எண்ணைக் குறித்து இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், முதல் பில்லின் நகல், எண்ணெய் மாற்றிய நாள்களை எழுதிய ஒரு நோட்டு, உடைந்த பகுதியின் படம் ஆகியவை அத்தகையவை. அமெரிக்கக் கார் உரிமையாளர்கள் பலர் தோற்றதும் வென்றதும் இதே தாள்களால்தான்.

இன்றைய நிலை

முகத்துவாரத்தை நிலைப்படுத்த வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அது ஆழமாகவும் அகலமாகவும் நிலைத்தால், எஞ்சின் நிற்பதால் வரும் உயிர் ஆபத்து பெருமளவு குறையும். ஆயினும் எஞ்சினின் குறை குறையாகவே இருக்கும்.

காருக்கும் படகுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் வேர் எண்ணிக்கையில் இருக்கிறது. கார் ரீகால் சட்டம் புகார்கள் ஓரிடத்தில் சேர்வதை நம்பி இயங்குகிறது. ஒரே குறை ஆயிரம் பேருக்கு வந்தது என்று தெரிந்தால்தான் அது பராமரிப்பின்மை அல்ல, உற்பத்திக் குறை என்று நிறுவ முடியும். படகு எஞ்சினின் பழுதுகள் ஒவ்வொரு குப்பத்திலும் தனித்தனியாக நடந்து, தனித்தனியாகச் சரிசெய்யப்பட்டு, எங்கும் எழுதப்படாமல் போகின்றன. கூனங்குப்பத்தில் உடைந்ததும் கோரைக்குப்பத்தில் உடைந்ததும் ஒரே பேரிங்தானா என்பதைச் சேர்த்துப் பார்க்க இன்று ஏற்பாடு இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ மீன்வளத் துறை அலுவலகமோ எஞ்சின் எண்ணையும் பழுதின் வகையையும் ஒரு பதிவேட்டில் எழுதிவந்தால், சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் திரும்பப் பெறும் அதிகாரத்துக்கு வேலை கிடைக்கும். நல்ல இடம் யாருக்கு எந்த நாளில் என்று தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருக்கும் ஊர்களுக்கு அப்படி ஒரு பதிவேட்டை வைப்பது கடினமான செயல் அன்று.